பழைய பென்ஸ் டபிள்யூ124: அப்ப தங்கம், நடுவுல தொல்லை, இப்ப மறுபடி தங்கமா?

யீஷூன்_பையன்:
எங்கப்பா 90கள்ல இங்க சிங்கப்பூர்ல ஒரு முதலாளிக்கு டிரைவரா இருந்தாரு, ஓட்டினது மெர்சிடிஸ் டபிள்யூ124, 1993 வண்டி. அந்தக் கதவு சாத்துற சத்தத்தப் பத்தி இன்னைக்கும் பேசுவாரு. ஆனா 2008 வாக்குல நான் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) முடிச்சப்ப இதே வண்டியப் பத்தி யார்ட்ட கேட்டாலும் "தொடாத, வொர்க்‌ஷாப்லயேதான் கெடக்கும்"னாங்க. போன வாரம் ஜாலான் புசார்ல ஒண்ணு நின்னுச்சு, சின்னப் பசங்க சுத்தி நின்னு போட்டோ எடுக்குறாங்க. எதுதான் உண்மை?

சின்மிங்_மெக்கானிக்:
மூணும் உண்மைதான் தம்பி. ஆரம்ப வருஷங்கள்ல வந்த வண்டிகள்ல இருந்த எம்103 இன்ஜின் ஆயில் ஒழுங்கா மாத்துனா ஓடிக்கிட்டே இருக்கும். 92லேந்து 95 வரைக்கும் வந்த வண்டிகள்ல ஒரு பிரச்சினை ஊருக்கே தெரியும், இன்ஜின் வயரிங் மேல இருக்குற இன்சுலேஷன் சூட்டுல மக்கிடும். லேசா வளைச்சா காஞ்ச பிஸ்கட் மாதிரி உதிரும், உள்ள செப்புக் கம்பி தெரியும், ஒண்ணோட ஒண்ணு உரசுனா சிக்னல்ல நிக்குறப்ப வண்டி தடுமாறும். இது தெரியாம சென்சார் மாத்து, அத மாத்து இத மாத்துன்னு காச விட்டவங்க எத்தனையோ பேரு, அவங்க சொல்றதுதான் ஊருப் பேச்சாயிடுச்சு. புது வயரிங் போட்டுட்டா அந்தத் தொல்லை முடிஞ்சிது.

300இ_ஓனர்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா சிஓஇ, அதான் வண்டி வச்சுக்க ஏலத்துல எடுக்குற பத்து வருஷ உரிமம், அந்தக் கணக்கையும் பாக்கணும். 2008 நவம்பர்ல சின்ன கார் சிஓஇ 2 வெள்ளிக்கு வந்துச்சு, புது வண்டியே அவ்ளோ மலிவா கெடைக்கிறப்ப பழசுக்கு யாரு செலவு பண்ணுவா, ஸ்க்ராப்தான். 2023 அக்டோபர்ல பெரிய கார் சிஓஇ 1,40,000 வெள்ளியத் தாண்டிருச்சு. சிஓஇய ரினியூ பண்ணா பார்ஃப் பணம் (பத்து வருஷத்துக்குள்ள வண்டியக் கைவிட்டா அரசாங்கம் திருப்பித் தர்றது) போச்சு, வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன், 14 வருஷத்துக்கு மேல போனா ரோட் டாக்ஸ் 50% கூட. இவ்ளோத்தையும் தாங்கி வச்சிருக்கவன் வண்டிய உயிரா பாத்துக்குவான் லா. நீங்க ஜாலான் புசார்ல பாத்தது அப்படிப்பட்ட வண்டி, அத வச்சு எல்லா டபிள்யூ124-ம் இப்படித்தான்னு நம்பி வாங்கிடாதீங்க.

யீஷூன்_பையன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிண்ணே. அப்பாட்ட படிச்சுக் காட்டுனேன். 2003ல பத்து வருஷம் முடியுறப்ப முதலாளி பார்ஃப் பணத்த வாங்கிக்கலாம்னு சொல்லிட்டாராம், அப்பாவே ஓட்டிட்டுப் போய் ஸ்க்ராப் யார்டுல விட்டிருக்காரு. வண்டில ஒரு கொறையும் இல்லயாம், அங்க கடைசியா சாவி போட்டப்பவும் ஒரே திருகுல ஸ்டார்ட் ஆச்சாம்.

சின்மிங்_மெக்கானிக்:
அதான் தம்பி, அப்படி நல்லா பாத்துக்கிட்ட வண்டியெல்லாம் முதல் பத்து வருஷத்துலயே போயிடுச்சு, நீங்க 2008ல விசாரிச்சப்ப ரோட்ல பாதிக்கு மேல கை மாறிக் கை மாறி வந்ததுதான். அப்பாவ ஒருநாள் சின் மிங் பக்கம் கூட்டிட்டு வாங்க, ஒரு 91 வண்டி சர்வீஸுக்கு வரும், கதவ அவரே சாத்திப் பாக்கட்டும்.