யூஜெனாலுக்கு ஓஎல்எஃப்ஆர்73 அசையவே மாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்க

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சின்ன லேப். எலியோட வாசனை ஏற்பி ஓஎல்எஃப்ஆர்73-ஐ ஹெக்293டி என்ற மனித செல் வகையில் போட்டு, சிஆர்ஈ லூசிஃபெரேஸ் முறையில் (ஏற்பி தூண்டப்பட்டால் செல்லில் சிஏஎம்பி ஏறும், அதை ஒளியாகக் காட்டும் முறை) அளக்கிறோம். சித்திரையிலிருந்து இதே கதைதான்: ஃபோர்ஸ்கோலின் 10 மைக்ரோமோலாருக்கு சிக்னல் எகிறுது, கிராம்பு வாசனை யூஜெனால் 300 மைக்ரோமோலாருக்கு வெறும் கரைப்பான் கிணறு அளவுதான். ஃபோர்ஸ்கோலின் ஏற்பியைத் தொடாமல், சிஏஎம்பி செய்யும் நொதியான சைக்ளேஸை நேரே தூண்டும். அதனால் சைக்ளேஸிலிருந்து கீழ்ப்பாதை சரி, கோளாறு அதற்கு மேலேதான்.

96 கிணறு தட்டு, பாலி-டி-லைசின் பூச்சு, டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோக லிப்போஃபெக்டமின் 2000. கிணற்றுக்கு ரோ டேக் (ஆன்டிபாடியால் அடையாளம் காண ஒட்டும் சின்னத் துண்டு) போட்ட ஏற்பி பிளாஸ்மிட் 5 நானோகிராம், ஏற்பியைச் சவ்வுக்குக் கொண்டுபோக உதவும் புரதம் ஆர்டிபி1எஸ் 5 நானோகிராம், ஏற்பியின் சிக்னலைச் சைக்ளேஸுக்குக் கடத்தும் ஜி புரதம் கோல்ஃப் தனியாகவும் போட்டோம். மறுநாள் 4 மணி நேரம் தூண்டல்.

புது யூஜெனால் பாட்டில் திறந்தாச்சு. பிளாஸ்மிட் சீக்வென்ஸ் சரி, மைக்கோபிளாஸ்மா இல்லை, செல்லும் பழசில்லை. ஆவி பக்கத்துக் கிணறுக்குத் தாவும்னு கன்ட்ரோலுக்குத் தனித் தட்டே வைத்தோம் (எல்லாரும் மறக்கிற இடம் இது). செல்லைத் துளைத்து, ரோ டேக்கைப் பிடிக்கும் 4டி2 ஆன்டிபாடி போட்டால் உட்கருவைச் சுற்றி வளையமா பளிச்சென்று தெரியுது. உயிரோடு ஐஸில் வைத்துப் போட்டால் சவ்வில் ஒன்றிரண்டு புள்ளிதான். ஏற்பி ஈஆரிலேயே (செல்லுக்குள் புரதம் தயாராகும் சவ்வு வலை) மாட்டிக்கிட்டு இருக்கு போல.

இதே ஏற்பியைச் சவ்வுக்குக் கொண்டுவந்தவங்க, ஏற்பிக்கு ஆர்டிபி1எஸ் எந்த விகிதத்தில் போட்டீங்க?