இணைய இணைப்புக்கு வந்த பதிப்புரிமை நோட்டீஸ்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

விடுதிக்காரர், ராமேசுவரம்

அக்னி தீர்த்தத்துக்குப் போகும் தெருவில் பன்னிரண்டு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறேன். தை அமாவாசைக்கு முந்தைய வாரம், இணைப்பு கொடுத்த நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மேலே நான்கு வரிதான் அவர்களுடையது. கீழே முழுக்க அமெரிக்காவிலிருந்து யாரோ எழுதிய ஆங்கிலம். ஒரு படநிறுவனத்துக்காகக் கண்காணிக்கிறவர்களாம். உங்கள் இணைப்பிலிருந்து இன்ன தொடரின் இன்ன பகுதி டோரன்ட் (கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிரும் முறை) வழியாகப் பகிரப்பட்டிருக்கிறது, உடனே நிறுத்தவும் என்று எழுதியிருந்தார்கள். கோப்பின் பெயர், ஐ.பி. முகவரி (இணையத்தில் நம் இணைப்புக்குரிய எண்), தேதி, மணி எல்லாம் இருந்தன. மணி 20:15.

நான் பி.காம். படித்தவன். இருந்தாலும் 'சட்ட நடவடிக்கை' என்பதைப் பார்த்த பிறகு மீதி எதுவும் தலையில் ஏறவில்லை. இரவு எட்டேகாலுக்கு விடுதியில் யார் இருந்தார்கள் என்று யோசித்தேன். அன்று தங்கியவர்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்த கூட்டம். அந்நேரம் அத்தனை பேரும் கோயிலுக்குள் இருந்தார்கள். மிச்சம் இருந்தவன் கவுண்டரில் உட்காரும் பையன் மட்டும்தான். கேட்டேன். "நான் இல்லை முதலாளி" என்றான். குரலை உயர்த்திக் கேட்டேன். அதையே மெதுவாகச் சொன்னான். பொய் சொல்கிறான் என்று முடிவுகட்டி, அவன் கைப்பேசியை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இன்றோடு இரண்டு நாள் ஆகிறது.

இதற்குப் பதில் எழுத வேண்டுமா? போலீஸ் வருமா? வேறு யாருக்காவது வந்திருக்கிறதா?

கீழக்கரை, இப்போது டொரொன்டோ

எனக்கு 2017-இல் வந்தது. நான்கு பேர் ஒரு வீட்டில் இருந்தோம், இணைப்பு என் பெயரில் இருந்தது. கனடாவில் இது சட்டப்படியே நடக்கிற காரியம். 2015 ஜனவரி முதல், படக்காரர்கள் நோட்டீஸ் அனுப்பினால் இணைய நிறுவனம் அதை வாடிக்கையாளருக்குத் தள்ளிவிட வேண்டும். அந்த முகவரி யாரிடம் இருந்தது என்ற பதிவை ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். நீதிமன்றம் சொல்லாமல் பெயரைக் கொடுக்கக் கூடாது. அதாவது நோட்டீஸ் நம் கைக்கு வந்துவிடும், ஆனால் அதை எழுதியவருக்கு நாம் யார் என்றே தெரியாது.

எனக்கு அது தெரியாது, என் அறைத்தோழருக்கும் தெரியாது. நோட்டீஸின் அடியில் ஓர் இணைப்பு இருந்தது: இவ்வளவு டாலர் கட்டினால் விவகாரம் முடிந்தது என்று. அவர் இரவோடு இரவாகக் கட்டிவிட்டார், கடன் அட்டை எண், பெயர், வீட்டு முகவரி எல்லாம் தட்டி. அதுவரை வெறும் எண்ணாக இருந்தவர், தானே போய்த் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். இப்படிப் பணம் கேட்டு நோட்டீஸில் எழுதக் கூடாது என்று 2018 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். அவர் கட்டியது திரும்பி வரவில்லை. லாப நோக்கம் இல்லாத மீறலுக்கு அங்கே சட்டம் விதித்திருக்கும் இழப்பீடு 100 டாலரிலிருந்து 5000 டாலர் வரை. அதுவும் வழக்குப் போட்டு வென்றால்.

இதைவிடப் பெரிய கூத்து ஊரில் நடந்தது. லாத்தாவிடம் (அக்காவிடம்) சிரித்துக்கொண்டே போனில் சொன்னேன். அசர் தொழுகைக்கு முன் சொன்னது, மஃரிபுக்குள் தெருவெல்லாம் போய்விட்டது: "பிள்ளையைக் கனடாவில் பிடித்துவிட்டார்கள்." உம்மா ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சை வைத்துவிட்டார். துபாயிலிருந்து இரண்டு மாமாமார் கூப்பிட்டு வக்கீல் வேண்டுமா என்றார்கள். நேர்ச்சையை அடுத்த விடுமுறையில் நானே போய் நிறைவேற்றினேன். காரணத்தைக் கேட்டவர்களிடம் உடல்நிலை என்று சொன்னேன்.

கேபிள் தொழில், மண்டபம் பக்கம்

விடுதிக்கார அண்ணன், முதலில் அந்தப் பையனின் கைப்பேசியைத் திருப்பிக் கொடுங்கள்.

நோட்டீஸில் மணிக்குப் பக்கத்தில் யு.டி.சி. என்று மூன்று எழுத்து இருக்கும், பாருங்கள். அது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதல். 20:15 என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1:45. தேதியும் மறுநாள். நீங்கள் பார்த்தது தப்பான நாளின் பதிவேடு.

நானும் இது தெரியாமல் பட்டவன்தான். மேலே இருக்கும் பெரிய நிறுவனத்திடமிருந்து இணைய இணைப்பு வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கிறேன். ஐ.பி. முகவரிகள் போதாத காலம். ஒரே பொது முகவரியை ஐம்பது அறுபது வீடுகளுக்குப் பங்கிட்டுத்தான் ஓட்டுகிறோம். வெளியிலிருந்து பார்த்தால் அத்தனை வீடும் ஒரே வாசல். எந்த வீடு என்று பிரித்தறிய போர்ட் எண்ணும் (ஒரே முகவரிக்குள் ஒவ்வொரு தொடர்பையும் பிரித்துக் காட்டும் எண்), நொடி பிசகாத நேரமும், அந்த நேரத்துப் பதிவேடும் மூன்றும் சேர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் முதல் நோட்டீஸ் வந்தபோது போர்ட் எண்ணைக் கவனிக்காமல், நேரத்தையும் நம் நேரமாக எடுத்துக்கொண்டு, நேராக ஒரு வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஓய்வு பெற்ற பெரியவர். வேளாங்கண்ணி திருப்பலி நேரலைக்காகவே இணைப்பு வாங்கியவர். அவர் மனைவி அழுதுவிட்டார். பிறகு சரியாகக் கணக்குப் போட்டால், இரண்டு தெரு தள்ளி மூன்று இளைஞர்கள். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகெல்லாம் கரையில். அந்த 61 நாளும் இரவில் என் லைன் நெரிசல் தாங்காது. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது காப்பி கொடுத்தார். அடுத்த மாதம் இணைப்பைத் துண்டித்துக்கொண்டார்.

"நான் இறக்கத்தானே செய்தேன், எங்கே பகிர்ந்தேன்?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். டோரன்ட் அப்படி வேலை செய்வதில்லை. 2001-இல் பிராம் கோயன் என்பவர் உருவாக்கியது. ஒரு கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, யாரிடம் எந்தத் துண்டு இருக்கிறதோ அவரிடமிருந்து மற்றவர் எடுப்பது. உங்களுக்கு ஒரு துண்டு வந்து சேர்ந்த உடனே அதை நீங்கள் அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். கரைவலையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைப் பிடித்தவர் எல்லாரும் இழுப்பவர்தான். மீன் மட்டும் எடுத்துப் போக வந்தேன் என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. கண்காணிக்கிறவரும் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவர்களின் முகவரியை எழுதிக்கொண்டு போகிறார். அவர் திருட்டுத்தனமாக எதையும் உடைத்துப் பார்க்கவில்லை; அந்த முகவரி கூட்டத்தில் இருக்கும் அனைவருக்கும் தெரிந்தபடிதான் கிடக்கிறது. ஆனால் அவர் எழுதுவது முகவரியை. கயிற்றைப் பிடித்த கை யாருடையது என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

பாம்பன்

2016 ஆகஸ்டில் எனக்கும் ஒன்று வந்தது. ஒரு தளத்தைத் திறந்தேன். மூன்று ஆண்டு சிறை, மூன்று லட்சம் அபராதம் என்று திரை முழுக்க எழுத்து. கூட இருந்த நண்பன் என் கைப்பேசியிலிருந்து சிம் அட்டையைப் பிடுங்கி, ஒடித்து, பாலத்திலிருந்து கடலில் போட்டுவிட்டான். அவனுடைய அட்டையை அல்ல, என்னுடையதை.

வழக்கறிஞரிடம் உதவியாளர், இராமநாதபுரம்

பாம்பன் தம்பிக்கு வந்தது நோட்டீஸ் அல்ல. நீதிமன்ற உத்தரவுப்படி முடக்கிய தளங்களைத் திறந்த எவருக்கும் அந்த நாட்களில் தெரிந்த பொது அறிவிப்பு. அதன் வாசகம் பார்ப்பதே குற்றம் என்பதுபோல் இருந்ததால் நாடே பதறியது. அதே மாதத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம், வெறுமனே பார்ப்பது குற்றம் அல்ல, அனுமதியின்றி விநியோகிப்பதும் பொதுவில் திரையிடுவதும் வாடகைக்கோ விற்பனைக்கோ விடுவதுமே குற்றம் என்று விளக்கியது. சிம் அட்டைக்கு நிவாரணம் ஏதும் சொல்லவில்லை.

விடுதிக்காரருக்கு: அந்தக் கடிதம் அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மொழியில் எழுதப்பட்டிருக்கும். இங்கே செல்லுபடியாவது நம்முடைய 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அயல்நாட்டுத் தொடர்தானே என்று அலட்சியம் வேண்டாம். பெர்ன் என்ற பன்னாட்டு உடன்படிக்கை வழியாக அதற்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. ஆனால் அந்தப் பிரிவு 'தெரிந்தே' செய்தவரைப் பற்றியது. இன்னொருவர் உங்கள் வைஃபையில் செய்ததற்காகப் போலீஸ் படியேறுவதை இதுவரை எங்கள் அலுவலகத்தில் நான் பார்த்ததில்லை. மூன்று முறை நோட்டீஸ் வந்தால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று பிரான்சில் 2009-இல் சட்டம் போட்டார்கள், 2013-இல் அந்தத் துண்டிப்பை அவர்களே எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் இணைப்பு வாங்கும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்களே, அந்த ஒப்பந்தத்தில் துண்டிக்கும் உரிமையை நிறுவனம் எழுதி வைத்திருக்கும். ஆகவே பதில் எழுதுங்கள், இரண்டே வரி: இது விருந்தினர்களுக்குப் பொதுவான இணைப்பு, நடவடிக்கை எடுத்துவிட்டோம். அதற்கு மேல் வேண்டாம். யார் செய்தது என்று ஊகித்து ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள், குறிப்பாக அந்தப் பையனின் பெயரை.

தங்கச்சிமடம்

என் தம்பி ஜெர்மனியில் படிக்கிறான். அங்கே இணைய நிறுவனம் எச்சரிக்கையை நமக்குத் தள்ளிவிடுவதில்லை. நீதிமன்றம் கேட்டதும் பெயரையே கொடுத்துவிடுகிறது. வக்கீல் அலுவலகத்திலிருந்து நேரடியாகத் தபால் வருகிறது. தம்பிக்கு வந்ததில் 900 யூரோவுக்கு மேல் கேட்டிருந்தார்கள், கூடவே கையெழுத்துப் போடச் சொல்லி ஓர் உறுதிமொழிப் பத்திரம். பயந்து போட்டிருப்பான். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான இலவச சட்ட ஆலோசனையில் காட்டினான்; அந்தப் பத்திரத்தை அப்படியே கையெழுத்திடாதே, வாசகத்தை மாற்றி எழுதித் தருகிறோம் என்றார்கள். பேசிப் பேசித் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தப் பாதியும் அப்பா நண்டு விற்ற பணம்.

பெயர் வேண்டாம்

வி.பி.என். (நம் ஐ.பி. முகவரியை மறைக்கும் சேவை) போட்டால் இதெல்லாம் வராதே?

கேபிள் தொழில், மண்டபம் பக்கம்

படம் பார்க்க மாதம் நூற்றைம்பது ரூபாய் கொடுக்க மனம் வராதவர், அதை மறைக்க மாதம் முந்நூறு கொடுக்கிறார். உங்கள் பணம்.

ஆசிரியை, உச்சிப்புளி

வாட்ஸ்அப்பில் எனக்கு ஒன்று வந்தது. அசோகச் சின்னம், 'பதிப்புரிமை மீறல்', 24 மணி நேரத்துக்குள் 4,999 ரூபாய் கட்டவும், கீழே கியூ.ஆர். குறியீடு. என் வீட்டில் டோரன்ட் என்றால் என்னவென்று தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தும் பணம் கட்டக் கட்டைவிரல் போய்விட்டது. கேபிள்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். எங்கள் நோட்டீஸில் ஒருபோதும் பணம் கேட்பதில்லை அம்மா என்றார். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். பள்ளியில் சொன்னபோது இன்னும் இரண்டு பேர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார்கள். அதே சின்னம், அதே தொகை. ஒருவர் ஏற்கெனவே கட்டியிருந்தார், வீட்டில் சொல்லவில்லை.

விடுதிக்காரர், ராமேசுவரம்

எல்லாருக்கும் நன்றி. நோட்டீஸை மறுபடி பார்த்தேன். யு.டி.சி. என்றுதான் இருக்கிறது, சின்ன எழுத்தில்.

பதிவேட்டைச் சரியான தேதிக்குப் புரட்டினேன். பஸ் கூட்டம் அன்று இரவு பத்து மணிக்கே கன்னியாகுமரிக்குக் கிளம்பிவிட்டது. பதினொன்றரைக்கு மூன்று குடும்பங்கள் வந்து இறங்கின. அதிகாலை ஸ்படிக லிங்க தரிசனம், பிறகு இருபத்திரண்டு தீர்த்தம் என்று படுத்துவிட்டார்கள். கைப்பேசிகள் மட்டும் சார்ஜரில் விழித்திருந்திருக்கும். எத்தனை கைப்பேசிகள், யாருக்குத் தெரியும். இதில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வைஃபை கடவுச்சொல்லை அட்டையில் பெரிதாக எழுதி கவுண்டருக்குப் பின்னால் மாட்டியவன் நான். ஐந்தாறு ஆண்டுகளாக அதே சொல். தெருவிலிருந்து பார்த்தாலே படிக்கலாம்.

இரண்டு வரி பதில் அனுப்பிவிட்டேன். கடவுச்சொல்லை மாற்றி, அட்டையைக் கிழித்துவிட்டேன். இனி அறைச் சாவியோடு சீட்டில் எழுதிக் கொடுப்பது பையனின் பொறுப்பு. அவன் கைப்பேசியைக் கொடுத்தபோது, என்ன சொல்வது என்று தெரியாமல், "மணியைத் தப்பாகப் பார்த்துவிட்டேன்" என்றேன். வாங்கித் திரையைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை எதிர் டீக்கடைக்காரர் கைப்பேசியோடு வந்தார். "என்ன முதலாளி, நெட் வேலை செய்யவில்லையே?" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இத்தனை நாளும் அவரும் எங்கள் இணைப்பில்தான் இருந்திருக்கிறார். முகம் முறிக்க மனமில்லாமல், கவுண்டரில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

இறங்கி வந்து பார்த்தால் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். பையன் எந்த அறை என்று கேட்டுக்கொண்டிருந்தான்.