லுவார் ஆற்றங்கரையில் எட்டுப் பேர் மிதிவண்டிப் பயணம்: நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் வைக்கலாம்?

வழிப்போக்கன் (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். வரும் ஜூன் மாதம் நாங்கள் எட்டுப் பேர் பிரான்ஸின் லுவார் ஆற்றை ஒட்டிய மிதிவண்டிப் பாதையில் ஒரு வாரம் பயணம் செய்ய எண்ணியிருக்கிறோம். ஓர்லியானில் தொடங்கி, நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் வீதம் ஐந்து நாட்களில் ஆன்ஜே சென்று சேர்வது முதல் திட்டம். எங்களில் மூவர் வாரந்தோறும் நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள்; மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போய்வருவதற்கு மேல் ஓட்டியதில்லை; என் அக்காவுக்கு 62 வயது, முழங்கால் வலியும் உண்டு. அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இந்தத் திட்டம் சரிவருமா, அல்லது வேறு பகுதியைப் பார்க்க வேண்டுமா?

ஆற்றங்கரைவாசி

பகுதியை மாற்ற வேண்டாம், தூரத்தை மாற்றுங்கள். நான் தூர் நகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். பழக்கமில்லாதவர்களை அழைத்துச் செல்வதற்கு இதைவிட இணக்கமான நிலம் பிரான்ஸில் குறைவு என்பது என் கருத்து. நெவேர் அருகிலிருந்து அட்லாண்டிக் கடல் வரை சுமார் 900 கிலோமீட்டர் நீளும் இப்பாதையில் ஏற்றங்கள் மிகக் குறைவு. ஆயினும் சமவெளி என்பதாலேயே எளிது என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய கரைகளின் மேல் பாதை செல்லும் இடங்களில் நிழலே கிடையாது. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், கடலை நோக்கிச் செல்பவர்களுக்கு அது எதிர்க்காற்றாகும்.

ஓர்லியானையும் ஆன்ஜேயையும் விட்டுவிட்டு, புளுவாவிலிருந்து வில்லாந்த்ரி வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஷாம்போர் மாளிகைக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்; முதலாம் பிரான்சுவா மன்னர் 1519இல் கட்டத் தொடங்கிய அந்த மாளிகையின் இரட்டைச் சுருள் படிக்கட்டில், ஏறுபவரும் இறங்குபவரும் ஒருவரையொருவர் எதிர்கொள்ளாமலே கடந்து செல்லலாம். மறுநாள் ஷோமோன் வழியாக அம்புவாஸ். லியோனார்டோ டா வின்சி தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த வீடு அங்குதான் இருக்கிறது. அந்த ஊரில் மூன்று இரவுகள் தங்கி, பெட்டிகளை அறையிலேயே வைத்துவிட்டு ஷெனோன்சோ மாளிகைக்குப் போய்வாருங்கள். அக்காவுக்கு ஒரு மின் மிதிவண்டி வாடகைக்கு எடுத்துவிடுங்கள். புளுவா, அம்புவாஸ், தூர் மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருப்பதால், யாருக்கேனும் முடியாமற்போனால் அன்றைய தூரத்தை ரயிலில் கடந்துவிடலாம். உள்ளூர் ரயில்களில் மிதிவண்டிகளுக்கு இடம் குறைவு என்பதால், எட்டும் ஒரே வண்டியில் ஏறிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

நெடும்பாதை

நாங்கள் பத்துப் பேர் இதே பாதையில் சென்று கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. இரண்டாம் நாள் வேகமானவர்கள் முன்னே போய்விட, பின்தங்கிய இருவர் ஒரு கிளைப்பாதையில் திரும்பி, கைப்பேசியில் மின்னேற்றமும் தீர்ந்து, இரண்டு மணி நேரம் எங்களைத் தேடி அலைந்தார்கள். அன்று மாலை உணவு மேசையில் யாரும் சரியாகப் பேசவில்லை. மறுநாள் முதல் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினோம்: பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் முன்னால் செல்பவர் நின்று, கடைசி ஆள் கண்ணில் படும் வரை நகரக் கூடாது, கடைசியில் வருபவர், பஞ்சர் ஒட்டத் தெரிந்த, வேகமாக ஓட்டக்கூடிய ஒருவராக இருக்க வேண்டும். அந்த இடத்தை உங்கள் மூவரில் ஒருவர் மனமுவந்து ஏற்றால் அக்கா தாம் பிறருக்குச் சுமையாக இருப்பதாக நினைக்க மாட்டார்.

உணவு நேரத்தையும் கவனியுங்கள். கிராமத்து உணவகங்களில் மதியம் 2 மணிக்கு மேல் பெரும்பாலும் அடுப்பு எரியாது. ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல கடைகள் மூடியிருக்கும். முந்தைய நாளே ரொட்டியும் அந்த வட்டாரத்து ஆட்டுப்பால் சீஸும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும். குடிக்க ஏற்றதல்ல என்று பலகை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிரப்புங்கள்.

வழிப்போக்கன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 60 கிலோமீட்டர் என்பதை 35ஆகக் குறைத்துவிட்டோம். கடைசி ஆளாக வர நானே ஒப்புக்கொண்டேன். ஷெனோன்சோவுக்கு எப்போது செல்வது நல்லது?

ஆற்றங்கரைவாசி

காலையில் கதவு திறக்கும் நேரத்திற்கே சென்றுவிடுங்கள். பேருந்துகள் வந்து சேர்ந்த பின் கூட்டம் நெருக்கும். ஷேர் ஆற்றின் குறுக்கே பாலத்தின் மேல் எழுப்பிய அந்த நீண்ட கூடத்தின் சன்னல்களின் ஓரம் அமைதியாக நிற்பதற்கு அந்த முதல் அரை மணி நேரம் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்திருந்த பகுதிக்கும் மற்றப் பகுதிக்கும் இடையே அந்த ஆறே எல்லையாக இருந்தது. வடகரையில் நுழைந்து, கூடத்தின் தென்கதவு வழியாக மறுபுறம் தப்பிச் சென்றவர்கள் உண்டு. அக்காவையும் அந்தக் கதவு வரை அழைத்துச் செல்லுங்கள். கூடத்தின் தரை சமமானது, முழங்காலுக்குச் சிரமம் இராது.