பெரும்பாக்கம் அடுக்குமாடித் திட்டம்: தடை சரியா, தவறா?

மடுவுக்கரை:
தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபர் கடைசியில் இடைக்காலத் தடை போட்டது. சுற்றுச்சூழல் அனுமதி, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி இரண்டும் வாங்கிய திட்டம் அது. தடை சரி என்பதுதான் என் கட்சி. 2022-ல் ராம்சர் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதில் காப்புக்காடு ஏறக்குறைய 700 ஹெக்டேர்தான். மீதி எந்தெந்த சர்வே எண்ணில் வருகிறது என்று தடை வந்த நேரத்தில்கூடக் களத்தில் அளந்து முடித்திருக்கவில்லை. அளக்கும் முன்னே அனுமதி எப்படிக் கொடுத்தார்கள்?

பட்டாநிலம்:
அளக்காதது யார் தப்பு? அந்தப் பக்கம் எங்களுக்கும் நிலம் இருக்கிறது. தாத்தா காலத்துப் பட்டா, வருடா வருடம் வரி கட்டிய ரசீது எல்லாம் கையில் இருக்கிறது. வரைபடத்தில் ராம்சர் எல்லைக்கோடு போட்டபோது ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை. சதுப்பு நிலம் வேண்டுமென்றால் அரசு விலை கொடுத்து எடுத்துக்கொள்ளட்டும். இதே கழுவெளியில், அதாவது இந்தச் சதுப்பு நிலத்திலேயே, அரசு அலுவலகங்கள் இருக்கின்றன, பெருங்குடி குப்பைக்கிடங்கு இருக்கிறது. என் நிலம் மட்டும் ஏன் கண்ணை உறுத்துகிறது?

கைவேலி தரைத்தளம்:
பட்டா வைத்திருப்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அதற்குப் பிறகு பின்பக்கத்து மனைகளில் லாரி லாரியாக மண் கொட்டி நாலடி உயர்த்திக் கட்டினார்கள். 2023-ல் இடுப்பளவு வந்துவிட்டது, நாலு நாள் வடியவில்லை. அம்மாவைப் படகில்தான் ஏற்றினோம். புது வீடுகளுக்குள் ஒரு சொட்டு நுழையவில்லை. அங்கே நிற்க வேண்டிய தண்ணீர்தான் எங்கள் சமையலறையில் நின்றது. பள்ளத்தை யார் மேடாக்கினாலும் தண்ணீர் அடுத்த பள்ளத்தைத்தான் தேடும்.

கட்டடப் பொறியாளர்:
வருத்தமாக இருக்கிறது சார். ஆனால் நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஆய்வே இல்லாமல் கட்டிய சின்ன மனைகள். 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். மழைநீர் வடிகால், சேமிப்புத் தொட்டி, கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாவற்றையும் மாநில நிபுணர் குழு பார்த்த பிறகுதான் கையெழுத்தாகும். ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு வீடு வேண்டாமா? இங்கே நிறுத்தினால் அந்தத் தேவை அடுத்த ஏரிக்கரைக்குத்தான் போகும்.

மடுவுக்கரை:
வீடு வேண்டும், மறுக்கவில்லை. அந்த ஆய்வு எப்படி நடக்கிறது என்றும் சொல்லுங்கள். அறிக்கை தயாரிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது கட்டுபவர்தான். 2006 அறிவிக்கையின்படி குடியிருப்புத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. அதனால் கைவேலிக்காரர் தன் கதையைச் சொல்ல ஒரு மேடையே இல்லை. அறிக்கை அந்த ஒரு மனையின் மழைக்குக் கணக்குப் போடும். ஆனால் மாடம்பாக்கம், செம்பாக்கம், நாராயணபுரம், சித்தாலப்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் பள்ளிக்கரணைக்குத்தான் வருகிறது. அது ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றத்தில் இருந்தால் அதுவும் மெதுவாகத்தான் வடியும். அதுவரை தண்ணீர் தங்க இடம் வேண்டாமா?

மேடவாக்கம் மாடி:
எதற்கெடுத்தாலும் தடை என்பது எங்களையும் சேர்த்துத்தான் அடிக்கிறது. ராம்சர் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை புது அனுமதி வேண்டாம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில் சொன்னது. ஏற்கெனவே இருக்கும் வீட்டின் மேல் ஒரு மாடி எடுக்க வங்கிக் கடன் வாங்கினேன். வேலை நிற்கிறது, தவணை நிற்கவில்லை.

ஏழாவது மாடி:
நான் பெரும்பாக்கத்தில் அரசின் வாரியக் குடியிருப்பில் இருக்கிறேன். கூவம் கரையிலிருந்து, வெள்ளம் வரும் இடம் என்று சொல்லி எங்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்தார்கள். 2023-ல் இங்கேயும் சுற்றிலும் தண்ணீர்தான். கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, கர்ப்பிணி ஒருவரை ஏழு மாடி தூக்கி இறக்கினோம். சதுப்பு நிலத்துப் பறவைக்காகப் பேசுங்கள், பட்டாவுக்காகப் பேசுங்கள். எங்களைக் குடிவைத்தபோது இந்த ஆய்வை யாராவது கேட்டீர்களா? இனி எடுக்கும் கணக்கில் எங்கள் பிளாக்குகளுக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்றும் பாருங்கள்.

மடுவுக்கரை:
அன்று நாங்கள் கேட்கவில்லை. தப்புதான். கணக்கில் உங்கள் குடியிருப்பும் வர வேண்டும்.

பட்டாநிலம்:
சரி, நானும் ஒன்று சொல்கிறேன். சர்வே எண் வாரியாக, எங்களை நிற்கவைத்து அளந்து, தேதி குறித்து முடிக்கட்டும். சதுப்பு என்று வந்தால் உரிய இழப்பீட்டோடு விட்டுக்கொடுக்கத் தயார். வருடக்கணக்கில் இழுப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கைவேலி தரைத்தளம்:
நியாயம். உங்களிடம் பழைய புலப்படம் (நில அளவை வரைபடம்) இருக்குமே, அதில் வாய்க்கால் ஏதாவது போட்டிருக்கிறதா?

பட்டாநிலம்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கிழக்கு ஓரத்தில் ஒரு ஓடை இருக்கிறது. இன்று அந்த இடத்தில் தார்ச்சாலை போகிறது.