லாக்-ஆன் என்பதற்கு ‘இலக்குப்பிடி’: ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். போர்விமான வீடியோ விளையாட்டுகளில், ஏவுகணை எதிரி விமானத்தைப் பற்றிக்கொண்ட நிலையைச் சொல்லும் ‘லாக்-ஆன்’ என்ற சொல்லுக்கு ‘இலக்குப் பூட்டு’ என்று இந்த இழையில் முன்மொழியப்பட்டதையும், சிலர் அதை வழிமொழிந்ததையும் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘இலக்குப்பிடி’ என்பதே பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறேன். இடம் குறைவாக உள்ள திரைகளில் ‘பிடி’ என்று மட்டும் எழுதினாலும் பொருள் விளங்கும்.

சொல்லைத் தேடுவதற்கு முன் செயலைப் பார்த்துவிடுவோம். ஏஸ் காம்பாட் வரிசை விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரி விமானத்தைச் சுற்றி ஒரு சிறு பச்சைச் சதுரம் தெரிகிறது. அதன் அருகில் தொலைவைக் காட்டும் எண் குறைந்துகொண்டே வருகிறது. நம் விமானத்தின் மூக்கு அந்தத் திசைக்குத் திரும்பி, எதிரி நம் ஏவுகணையின் எல்லைக்குள் வந்ததும் ஒலி மாறுகிறது, குறி சிவப்பாகிறது. அந்த நொடியில் பொத்தானை அழுத்தினால் ஏவுகணை எதிரியைத் துரத்தும். அழுத்தத் தாமதித்து, எதிரி சட்டென்று வளைந்து விலகிவிட்டால் சிவப்பு மறைந்து மீண்டும் பச்சையாகிவிடும். ஆகவே இது ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று. கிடைக்கும், நீடிக்கும், நழுவும் ஒரு நிலை. நாம் தேடும் சொல் இந்த மூன்றுக்கும் இடம் தர வேண்டும்.

உண்மையான போர்விமானத்திலும் அடிப்படை இதுவே. வானத்தை இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டிருக்கும் ரேடார், ஒரு விமானத்தைத் தேர்ந்தபின் துழாவலை நிறுத்தி, தன் கதிரை அதன்மேலேயே வைத்துக்கொண்டு அது நகர நகரத் தானும் நகரும். சைடுவைண்டர் போன்ற வெப்பம் நாடும் ஏவுகணையின் முனையிலுள்ள உணரி எதிரியின் வெப்பத்தைக் கண்டுகொண்டதும் விமானியின் காதில் ஓர் உறுமல் கேட்கும். இரண்டிலும் நடப்பது, விலகி ஓட முயலும் ஒன்றை விடாமல் வைத்திருப்பதுதான். தமிழில் அதற்குப் பிடித்தல் என்று பெயர்.

இனிப் ‘பூட்டு’க்கு வருகிறேன். அந்தச் சொல்லை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கதவைப் பூட்டுதல் என்ற பொருளோடு நில்லாமல் ஏரில் மாடு பூட்டுதல், தேரில் குதிரை பூட்டுதல், வில்லில் நாண் பூட்டுதல் என்று அது விரிந்து நிற்கிறது. வில்லோடு தொடர்புடையது என்பதால் போர் விளையாட்டுக்குப் பொருந்தும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்த வாதம் உண்மையிலேயே சிந்திக்கத்தக்கது. ஆனால் இந்த வழக்குகள் அனைத்திலும் பூட்டப்படுபவை நம் வசம் இருப்பவை. ஒன்றோடொன்று இணைந்து நிற்பவை. நாணை நாம் நம் வில்லில்தான் பூட்டுகிறோம், எதிரியின்மேல் பூட்டுவதில்லை. மேலும், பூட்டியது தானாக நழுவாது. யாரேனும் திறக்க வேண்டும் அல்லது அவிழ்க்க வேண்டும். ‘பூட்டு நழுவியது’ என்று எவரும் சொல்வதில்லை. ‘பிடி நழுவியது’ என்று எல்லோரும் சொல்கிறோம்.

‘குறிவைப்பு’ என்பதையும் சிலர் பரிந்துரைத்துள்ளனர். அது நல்ல சொல், ஆனால் வேறொரு செயலுக்கு உரியது. இவ்வகை விளையாட்டுகளில், பல எதிரிகளுள் ஒருவரைத் தேர்வதற்கென்றே தனிப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் எதிரி வெகு தொலைவில் இருந்தாலும் குறி மாறிவிடும். ஆனால் ஏவுகணைக்கு அவர் இன்னும் அகப்படவில்லை. அந்தத் தேர்வைக் ‘குறிவைத்தல்’ என்றும், அதன்பின் கிட்டுவதைப் ‘பிடி’ என்றும் பிரித்தால், ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாக உள்ளவை தமிழிலும் இரண்டாகவே நிற்கும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், ‘குறிவைத்தும் ஏன் ஏவுகணை தவறிப் போகிறது?’ என்று புதிதாக ஆடுபவர் குழம்புவார்.

ஆடுபவர்களின் பேச்சையும் கவனிக்க வேண்டும். ‘லாக் ஆயிடுச்சு’, ‘லாக் போயிடுச்சு’ என்கிறார்கள். அதே இடத்தில் ‘பிடி கிடைச்சிடுச்சு’, ‘பிடி விட்டுப்போச்சு’ என்று வைத்துப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை. திரையில் சதுரத்தை ஒட்டி எழுத இரண்டு எழுத்துகளே போதும் என்பதும் சிறிய நன்மையன்று. வேகமாகச் சுழலும் காட்சியில் நீண்ட தொடரைப் படிக்க எவருக்கும் நேரமிராது.

பிடி என்றால் கைப்பிடி, பெண் யானை, ஒரு பிடி அளவு என்றெல்லாம் பொருள் உண்டே என்ற மறுப்பு எழலாம். முழு வடிவத்தில் ‘இலக்கு’ முன்னே நிற்பதால் அங்கே ஐயம் எழாது. குறுகிய வடிவம் வான்சண்டைத் திரையில் மட்டுமே வரும். அங்கே அதை வேறாகப் படிக்க வழியில்லை.

இதே இழையில் ‘ஆர்கேட் பாணி’ என்பதைத் தமிழாக்கும் பேச்சும் எழுந்தது. அதற்கு ‘காசு விளையாட்டு’ என்பது பொருந்தாது. 1987இல் சேகா நிறுவனத்தின் ஆஃப்டர் பர்னர் என்ற போர்விமான விளையாட்டு காசு போட்டு ஆடும் இயந்திரத்தில்தான் வந்தது, உண்மை. ஆனால் 1995இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஏஸ் காம்பாட்டை வீட்டில் ஆடியவர்கள் காசு போடவில்லை. இன்று அச்சொல் இயற்பியலைத் தளர்த்திய எளிய பறப்பைக் குறிக்கிறது. உள்ளறைகளில் 8 ஏவுகணைகளைச் சுமக்கும் எஃப்-22 போர்விமானம், விளையாட்டில் பல பத்து ஏவுகணைகளோடு புறப்படுகிறதே, அந்தத் தளர்வு. அதற்கு நல்ல சொல் கிடைக்கும்வரை ‘ஆர்கேட்’ என்றே எழுதுவோம்.

எனக்கு இன்னும் தீராதது ஒன்று உண்டு. நாம் எதிரியைப் பிடிப்பது ‘பிடி’ என்றால், எதிரி நம்மைப் பிடிக்கும்போது ஒலிக்கும் எச்சரிக்கையை எப்படி எழுதுவது? ‘பிடிபட்டீர்கள்’ என்றால் ஆட்டமே முடிந்தது போலத் தொனிக்கிறது. அப்போதும் வளைந்து தப்ப வாய்ப்பிருக்கிறது. ‘எதிரிப் பிடியில்’ என்பது நிலையை மட்டும் சொல்வதால் அதன் பக்கம் சாய்கிறேன். இதைவிடக் கூர்மையான சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.