சைடு ஸ்டாண்டு தொல்லை: புதுப்பிப்பு

என் பைக்கின் சைடு ஸ்டாண்டில் காலால் தள்ளும் கம்பி கியர் லீவருக்கு அடியில் ஒளிந்துகொண்டு அகப்படவே மாட்டேன் என்கிறது, ஸ்டாண்டும் இறுக்கமாக இருக்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேனே, அது தீர்ந்தது. ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும், குற்றவாளி அது இல்லை. ஸ்டாண்டு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே பொட்டுக் கிரீஸ் இல்லை; செம்மண்ணும் துருவும்தான். டீசலில் கழுவி, கிரீஸ் தடவிப் பூட்டியதும் பாதி இறுக்கம் போய்விட்டது. அப்புறம் வெல்டிங் பட்டறையில் (பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான்) கம்பியின் நுனியில் இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைப் பற்றவைத்தோம். ஸ்டாண்டை மடக்கினால் அது கியர் லீவரில் இடித்தது. அரை அங்குலம் அறுத்தபின் சரி. இப்போது செருப்புக் காலோடு, குனிந்து பார்க்காமலே தள்ளுகிறேன். நுனியை அரத்தால் மழுக்காமல் விட்டதில் ஒரு பேன்ட் கிழிந்தது தனிக்கதை.