சோலார் ஹீட்டர்: உப்புத் தண்ணிக்கு எது தாங்கும்?

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்துல எங்க மொட்டை மாடியில 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் போடலாம்னு இருக்கோம். அப்பாவுக்கு மூட்டு வலி, மார்கழிக் காலையில வெந்நீர் இல்லாம முடியாது.

மோட்டாரே இல்லாம, சூடான தண்ணி லேசாகி மேல இருக்கிற டேங்குக்கு ஏறும், ஆறினது கீழே இறங்கும், அது புரியுது. கவலை போர் தண்ணிதான். பக்கெட் விளிம்புல வெள்ளையாப் படியிற உப்பு, சுரண்டினாலும் போக மாட்டேங்குது. தட்டை பேனல்ல செம்புக் குழாய் சீக்கிரம் அடைச்சுக்கும், கண்ணாடிக் குழாய்னா கழட்டிக் கழுவலாம்னு கடையில சொல்றாங்க.

கடலோரத்துல வச்சிருக்கவங்க சொல்லுங்க: எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை கழுவுறீங்க? டேங்க் துருப்பிடிக்குதா? 2011ல ‘தானே’ங்கிற புயல் அடிச்ச ஊர் இது, ஸ்டாண்டை எப்படி இறுக்கியிருக்கீங்க? போட்டோ இருந்தா தயவுசெஞ்சு போடுங்க.